கபிலை ஆற்றில் அம்மா

என்றும் என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நாங்கள் மூன்று பேரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம். அம்மா கீழ் வீட்டில் தலையை உலர்த்தியபடி டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். சதீஷ் மதியமே பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டான். ராமநகரம் தாண்டிவிட்டதாக இப்போதுதான் பக்கத்து சீட்டுக்காரர் போனிலிருந்து செய்தி அனுப்பினான். நான் மாடியில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். இரண்டு தோளும் கழன்று விழுந்துவிடும்போல வலிக்கிறது.

எதற்கு வலி என்று கேட்பீர்கள். துடுப்புப் போட்ட வலி, அப்பா. நேற்று நஞ்சன்கூட்டில், இன்று காலை டி. நரசிபுராவில், இரண்டு நாளும் கபிலை ஆற்றில் கயாக் ஓட்டினோம். கயாக் என்றால் ஒருவரோ இருவரோ காலை நீட்டி உட்கார்ந்து, தாங்களே துடுப்புப் போட்டுப் போகிற ஒல்லியான சின்னப் படகு. நம்முடைய பரிசல் வட்டமாக இருந்தால், இது வெள்ளரிப்பிஞ்சுபோல நீளமாக இருக்கும்.

இதைக் கேட்டதும் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். மைசூரிலிருந்து உங்கள் ஊர் ஹனூருக்குப் போகும்போது டி. நரசிபுரா பாலத்தின் மேல் பஸ் ஏறியதும் போகுமே, அப்படித்தான். ஜன்னலோரம் இருக்கும் என்னை "உள்ள வா கண்ணு" என்று நகர்த்துவீர்கள். சதீஷை மடியில் இறுக்கிக்கொள்வீர்கள். பாலம் முடிகிறவரை பிடியை விடமாட்டீர்கள். மற்ற பிள்ளைகள் ஆற்றை எட்டிப் பார்த்துக் காசு போடும்போது நாங்கள் இரண்டு பேரும் உங்கள் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

காரணம் எங்களுக்குத் தெரியும். வீட்டுக்கூடத்தில் மாலை போட்டிருந்த மணி சித்தப்பாவின் படம்தான் காரணம். உங்களுக்கு மீசை அரும்பிய வயதில், ஹனூரிலிருந்து எல்லோரும் டிராக்டரில் ஏறி ஆடிப்பெருக்குக்குக் காவேரிக்குப் போனீர்கள். உங்கள் தம்பி தண்ணீரில் இறங்கினார். கரையில் நின்றிருந்த உங்களுக்கு நீச்சல் தெரியாது. அவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை. அதற்கு மேல் நீங்கள் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நீச்சல் குளத்துக்குக்கூட எங்களை அனுப்பியதில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மலை, அருவி என்று சுற்றுலா போனபோது நாங்கள் மட்டும் மிருகக்காட்சிசாலை போனோம்.

அப்படிப்பட்ட வீட்டில் இது எப்படி நடந்தது?

சதீஷ்தான் ஆரம்பித்தான். நீங்கள் போன பிறகு அம்மா எங்கேயும் போகவில்லை என்பது அவனுக்குப் பெரிய குறை. காலையில் கோலம், பிறகு சமையல், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் சீரியல், வெள்ளிக்கிழமை கோயில். நம் விஜயநகர் ஏரியாவை விட்டு வெளியே போகவேண்டும் என்றால் யாராவது கல்யாணம் வைக்கவேண்டும். சதீஷ் வருகிற வாரமெல்லாம் ஒரு ஊர் பெயரைச் சொல்வான். ஊட்டி என்பான். மடிக்கேரி என்பான். அம்மா எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "அங்க போயி என்ன பண்றது? இங்க சும்மா உக்காந்திருக்கறதுக்கு அங்க போயி சும்மா உக்காரோணுமாக்கும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தன் ஆபீஸ் நண்பர்களோடு கயாக் ஓட்டிய படங்களை என்னிடம் காட்டிக்கொண்டிருந்தான். நான் உங்கள் மகள்; லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறானா என்றுதான் முதலில் தேடினேன். "அப்பா பார்த்திருந்தா உன்னைத் தொலைச்சிருப்பார்" என்றேன். அப்போது பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து, என் தோளுக்கு மேலாக அந்தப் படத்தை எட்டிப் பார்த்தாள். போனைக் கையில் வாங்கினாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதுல என்னையாட்ட ஆளுக ஏத்துக்குவாங்களா?"

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கேட்டுச் சொல்லு சதீசு" என்று பூண்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் எங்கள் பேச்சே ஆறுதான். உங்களுக்குத் தெரியுமா அப்பா, மைசூரைச் சுற்றி இருக்கிற சின்ன ஊர்களில் எல்லாம் இப்போது ஆற்றங்கரையில் கயாக் வைத்திருக்கிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் போகலாமா, நஞ்சன்கூடா, கொள்ளேகால் பக்கமா என்று சதீஷ் தினமும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்துவிடுவான். கல்லூரி ஆபீசில் மதியச் சாப்பாட்டு வேளையில் நான் ஒவ்வொருவருக்காகப் போன் செய்வேன். லைஃப் ஜாக்கெட் உண்டா? வயதானவர்களை ஏற்றுவீர்களா? முதலை இருக்கிறதா? அணையில் திடீரென்று தண்ணீர் திறந்தால் என்ன செய்வீர்கள்? எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "ஏனூ ஆகல்ல மேடம்." ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் பயம் வரும். அது நீங்கள் கொடுத்த சொத்து.

கடைசியில் நஞ்சன்கூட்டில் சைத்ரா என்ற பெண் கிடைத்தாள். முப்பது வயது இருக்கும். தென்னந்தோப்பில் கயாக்குகளை வைத்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் ஆட்களை ஆற்றில் கூட்டிப்போகிறவள். அவள் மட்டும்தான் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லவில்லை. "மேடம், முதலை பறவைகள் சரணாலயத்துப் பக்கம் உண்டு. நான் போகிற இடத்தில் இதுவரை பார்த்ததில்லை. அணை ஆட்களோடு பேசிவிட்டுத்தான் தண்ணீரில் இறக்குவேன். தண்ணீர் அதிகமென்றால் ரத்து. அதற்காக என்மேல் கோபப்படக்கூடாது" என்று கன்னடத்தில் நிதானமாகச் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. சனிக்கிழமை நஞ்சன்கூட்டில் பழகுவது, அங்கேயே லாட்ஜில் தங்குவது, ஞாயிற்றுக்கிழமை காலை டி. நரசிபுராவுக்கு மேலேயிருந்து புறப்பட்டு, காவேரி வந்து சேர்கிற சங்கமம்வரை போவது என்று திட்டம் போட்டோம்.

சங்கமம் என்றதும் எனக்குக் கொஞ்சம் தயக்கம். உங்களைக் கரைத்த இடம் அல்லவா? வாழ்நாளெல்லாம் தண்ணீரிலிருந்து விலகி நின்ற மனிதரைக் கடைசியில் தண்ணீரில்தானே விட்டோம். சதீஷ் வேறு இடம் பார்க்கலாம் என்றான். அம்மாதான், "அவிய இருக்கற எடந்தானே, அதுல என்ன?" என்று முடித்துவிட்டாள்.

போனை வைப்பதற்கு முன்னால் சைத்ரா கடைசியாக ஒன்று கேட்டாள். "மூன்று பேரில் நீச்சல் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?"

"யாருமில்லை" என்றேன்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஒருத்தருன்னு சொல்லு."

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினேன். அம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "எனக்குத் தெரியும். சொல்லு அவகிட்ட."

அப்பா, எனக்கு வயது நாற்பதைத் தொடப்போகிறது. இத்தனை வருஷமாக என் அம்மாவுக்கு நீச்சல் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. கோபிநத்தம் காவேரிக்கரைதான், அம்மா பிறந்து வளர்ந்த ஊர்தான், நாங்களும் கோடை விடுமுறைக்குப் போனவர்கள்தான். ஆனால் கடலைக்காட்டைத் தாண்டி எங்களை விட்டதில்லை. ஆறு என்பது அந்த ஊரில் எங்களுக்கு வெறும் சத்தம்.

அன்று சாயங்காலம் சதீஷையும் வீடியோவில் வைத்துக்கொண்டு அம்மா சொன்னாள். சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போகிற பெண்கள் எல்லோரும் ஆற்றில்தான் கிடப்பார்களாம். அம்மா அக்கரை போய்த் திரும்புவாளாம். கல்யாணம் ஆகி முதல்முறை உங்களை ஊருக்கு அழைத்துப்போனபோது, புது மாப்பிள்ளைக்கு ஆற்றைக் காட்டப் போனாளாம். சந்தோஷத்தில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாளாம். பாதி ஆற்றில் திரும்பிப் பார்த்தால் நீங்கள் கரையில் நின்றுகொண்டிருந்தீர்களாம்.

"வாயத் தொறந்து தொறந்து மூடறாரு. சத்தம் வரமாட்டீங்குது. கையி ரெண்டும் கெடகெடன்னு ஆடுது. எனக்கு ஒண்ணும் புரியல. நான் கரைக்கு வந்தங்காட்டித்தான் உக்காந்தாரு. அப்பறம்தான் என்ற கொழுந்தன் கதையச் சொன்னாரு."

"அப்பா உன்னை இறங்கக்கூடாதுன்னு சொன்னாரா?" என்று சதீஷ் கேட்டான்.

"அவிய சொல்லல. நானாத்தான் சொன்னேன், இனி எறங்கமாட்டேன்னு. அந்த மூஞ்சியப் பாத்திருந்தீன்னா நீயும் அதத்தான் சொல்லியிருப்பே."

"அப்பா இல்லாதப்பகூட இறங்கலையா?"

"சொன்னது சொன்னதுதான கண்ணு."

உண்மையைச் சொல்லவேண்டும். இரண்டு நாள் எனக்கு உங்கள்மேல் கோபமாக இருந்தது. உங்கள் படத்துக்குப் பூ வைக்கும்போதுகூட முகம் கொடுத்துப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அவ்வளவு பிடித்த ஒன்றை அவள் தானாக விட்டுக்கொடுத்தாள், சரி. நீங்கள் ஏன் ஒருநாளாவது "போய்க் குளித்துவிட்டு வா" என்று சொல்லவில்லை?

பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. கோடை விடுமுறையில் எங்களைக் கோபிநத்தத்தில் விட்டுவிட்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே நீங்கள் மைசூருக்குத் திரும்பிவிடுவீர்கள். தொழிற்சாலையில் லீவு கொடுக்கவில்லை என்பீர்கள். உங்களோடு அதே ஷிப்டில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாமா மட்டும் வாரக்கணக்கில் ஊரில் இருந்துவிட்டு வருவார். அப்பா, உண்மையிலேயே லீவு கிடைக்கவில்லையா? அல்லது நீங்கள் பார்க்காத இடத்தில் அம்மா ஆற்றில் இறங்கட்டும் என்று நினைத்துத்தான் போனீர்களா? சொல்லாமல் விட்டீர்கள். அவளும் புரிந்துகொள்ளாமல், கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டு கடலைக்காட்டோடு நின்றுவிட்டாள். அம்மாவிடம் இதைக் கேட்டேன்.  "இருந்தாலும் இருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கோபமும் அதோடு போயிற்று.

ஆனாலும் நான் எளிதில் விட்டுவிடவில்லை. புறப்படுவதற்கு முந்தைய வாரம், "அம்மா, அறுபது தாண்டிடுச்சு உனக்கு. வேணாமே. அப்பா இருந்தா விடமாட்டார்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவிய இருந்தப்ப நான் கேக்கலியே" என்றாள் அம்மா.



முதலில் பதிவு செய்த வாரம் போக முடியவில்லை. கேரளப் பக்கம் மழை கொட்டி, அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். சைத்ரா சொன்னபடி ரத்து செய்துவிட்டாள். அம்மா மனசு மாறிவிடுவாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நடந்தது வேறு. அம்மா சீரியலை நிறுத்திவிட்டுக் கன்னடச் செய்தி பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கபிலைக்கு மேலே இருக்கிற கபினி அணைக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று எங்களுக்கு அறிக்கை சொல்வாள். "இன்னிக்குக் கொறஞ்சிருக்குது. இப்படியே போச்சுன்னா அடுத்த வாரம் ஆகும்" என்று பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். அவர் நம் வீட்டுக்கு எங்கேயோ நிலம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

உடுப்பு ஒரு பிரச்சினை ஆனது. சேலையோடு ஏற்றமாட்டேன் என்று சைத்ரா சொல்லிவிட்டாள். சுடிதார் வாங்கித் தருகிறேன் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் சதீஷின் பழைய டிராக் பேன்ட்டையும் உங்கள் முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். "எப்புடி இருக்குது?" என்றாள். ஒல்லியாக, வாட்ச்மேன்போல இருந்தது. "நல்லா இருக்கு" என்று நான் சொன்னேன்.

நேற்று நஞ்சன்கூட்டில் எல்லாம் சுகமாக நடந்தது. சதீஷ் தனி கயாக்கில். நானும் அம்மாவும் இரட்டையில், அவள் முன்னால், நான் பின்னால். ஏறும்போது சைத்ரா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். முதலில் நேராகவே போகத் தெரியவில்லை. நாணலுக்குள் போய் முட்டினோம். அம்மா இடதுபக்கம் போட்டால் நானும் இடதுபக்கமே போட்டு, ஒரே இடத்தில் சுற்றினோம். "அக்கா, ஸ்வல்ப ரிலாக்ஸ் ஆகு, துடுப்பை உலக்கை மாதிரி பிடிக்காதே" என்று சதீஷ் பக்கத்தில் வந்து கத்தினான். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. கோயில் கோபுரம் தூரத்தில் தெரிந்தது. துணி துவைக்கிற சத்தம் தண்ணீர்மேல் தட்டித்தட்டி வந்தது. ஒரு மீன்கொத்தி எங்களுக்கு முன்னால் மரம் மரமாக மாறி உட்கார்ந்துகொண்டே வந்தது. நான் தண்ணீருக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. கையைவிட்டால் குளிர்ந்தது. அவ்வளவுதானா என்று இருந்தது, அப்பா. இதற்கா இத்தனை வருஷம் உங்கள் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

சாயங்காலம் லாட்ஜில் ரசபாளே வாழைப்பழமும் சூடான பஜ்ஜியும் தின்றுவிட்டு, மூன்று பேரும் ஒரே அறையில் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினோம்.

இன்று காலை சங்கமத்துக்கு வருகிறவரையிலும் அப்படித்தான் இருந்தது. ஆறு அகலமாகி, மணல்திட்டுகள் தெரிய ஆரம்பித்தன. பரிசலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ஒருவர், அம்மாவின் கோலத்தைப் பார்த்துவிட்டு, "யாவ ஊரம்மா?" என்று கேட்டார். யார் கேட்டாலும் மைசூர் என்றுதான் அம்மா சொல்வாள். இன்று "கோபிநத்தம்" என்றாள்.

காவேரி வந்து இடிக்கிற இடத்தில் தண்ணீர் சாதுவாகத்தான் தெரிகிறது. அடியில் பக்கவாட்டில் தள்ளுகிறது. துடுப்பை நிறுத்தாதீர்கள் என்று சைத்ரா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். சதீஷ் நிறுத்தினான். உங்களைக் கரைத்த படித்துறை தெரிகிறது என்று, கழுத்தில் தொங்கிய போனை எடுத்துப் படம் பிடிக்கப் பார்த்திருக்கிறான். நான் பார்க்கும்போது கயாக் குறுக்கே திரும்பியிருந்தது. அடுத்த நொடி அது கவிழ்ந்து அடிப்பக்கம் மேலே தெரிந்தது. அவனைக் காணோம்.

மேலே வந்தான். லைஃப் ஜாக்கெட் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆனால் அவனுக்கு மிதக்கத் தெரியவில்லை. கையையும் காலையும் அடித்தான், தண்ணீரைக் குடித்தான், இழுப்பு அவனைக் கொண்டுபோனது. சைத்ரா தன் கயாக்கைத் திருப்பினாள். நான் கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை, அப்பா. என் தம்பி என் கண்ணெதிரே தண்ணீரில் போகிறான், என் கையில் துடுப்பு இருக்கிறது, அதை எந்தப் பக்கம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மணி சித்தப்பாவின் கதை மணி சித்தப்பாவுக்கு நடந்த கதை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். கரையில் நின்ற உங்களுக்கு என்ன நடந்தது என்று அந்த நொடிதான் தெரிந்தது.

முன்னால் இருந்த அம்மா தன் துடுப்பைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "புடிச்சுக்க" என்றாள். காலை மடக்கி, பக்கவாட்டில் சறுக்கி, சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் போய்விட்டாள். படகு ஆடி நின்றது. அம்மாவின் தலையும் உங்கள் சட்டையின் தோளும் அவனை நோக்கிப் போவதைப் பார்த்தேன். ஜாக்கெட் இடைஞ்சலாக இருந்தும் அவள் கைகள் நிதானமாக விழுந்தன. அவனுடைய காலரைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"சதீசு, ஒதைக்காத. மல்லாந்து படு. என்ற மூஞ்சியப் பாரு. பாரு சாமி. அவ்வளவுதான். ஒண்ணுமில்ல."

அவன் அடிப்பதை நிறுத்தினான். அதற்குள் சைத்ரா போய்விட்டாள். அவளுடைய கயாக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மணல்திட்டுக்கு வந்தார்கள். ஒரு பரிசல்காரர் என் படகின் மூக்கைப் பிடித்து என்னையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தார்.

சைத்ரா அம்மாவிடம் கோபித்துக்கொண்டாள். ஜாக்கெட் இருந்ததால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, காப்பாற்றுவது தன்னுடைய வேலை, நீங்கள் ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டாள். அவள் சொன்னது சரிதான். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "நன் மக கணம்மா" என்றாள். என் பிள்ளை அம்மா அவன், என்று அதற்கு அர்த்தம்.  சைத்ரா ஒரு துண்டை எடுத்து அம்மாவின் தோளில் போட்டாள்.

நான் சதீஷின் முதுகில் ரெண்டு அடி அடித்தேன். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் இருமிக்கொண்டே, "அக்கா, போன் போயிடுச்சு, அதுக்கு அழு" என்றான். 

அப்போது அம்மா என்ன செய்தாள் தெரியுமா? மூச்சு ஆறியதும் எழுந்து, துண்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "சைத்ரா, இந்தத் திட்டோரமா ஆழமில்லாத எடத்துல கொஞ்ச நேரம் கெடக்கட்டுமா?" என்று கேட்டாள். சைத்ரா தண்ணீரில் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். அம்மா மல்லாந்து படுத்து மிதந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். உங்கள் சட்டை தண்ணீரில் உப்பி நின்றது. படித்துறையில் யாரோ யாருக்கோ மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் சதீஷும் சைத்ராவும் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். 

கரையேறி, ஊருக்குள் ஒரு ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம். அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வாடகைக் காரில் வீட்டுக்கு வரும்போது, "அப்பா பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டேன். அம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். "மொதல்ல திட்டியிருப்பாரு. அப்பறம் எல்லாத்துகிட்டயும் போயிச் சொல்லியிருப்பாரு, என்ற பொஞ்சாதி நீஞ்சுனான்னு."

அப்படித்தானே அப்பா?

வேறு செய்திகள்: உங்கள் மாப்பிள்ளை வேலையாக ஹூப்ளி போயிருக்கிறார், நாளை வருவார், கவிழ்ந்த கதையை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. முருங்கை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. சதீஷ் பெங்களூரில் நீச்சல் வகுப்பு தேடுகிறான். நானும் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே பெண்களுக்கான காலை வகுப்பு ஒன்றில் பெயர் கொடுத்துவிட்டேன். முதல் நாள் படியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன் என்று நினைக்கிறேன். நிற்கிறேன், பரவாயில்லை.

சற்று முன் அம்மா படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கன்னியாகுமரிக் கடலில் இறங்கிக் குளிக்க விடுவார்களா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

உங்களுக்கு இந்த வாக்கைக் கொடுக்கிறேன், அப்பா. இனி அம்மா எங்கே போகவேண்டும் என்று சொன்னாலும், நான் முதலில் கேட்கிற கேள்வி "எப்போது?" என்பதாகத்தான் இருக்கும். பயம் வரும், வரட்டும். லைஃப் ஜாக்கெட் உண்டா என்று கட்டாயம் விசாரிப்பேன். விசாரித்துவிட்டு, அவளோடு போவேன்.

உங்கள் மூத்த பிள்ளை,
சதீஷின் அக்கா,
மஞ்சு